எருமையின் வயிற்றில் ஒரு பல்பு

இருபத்து மூன்று. இருக்காதே. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள் தமயந்தி, விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு, எண்ணெய் வழியும் தலை, ரிப்பன் அவிழ்ந்த தலை, காலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்த மாதிரி ஒட்ட வெட்டிய தலை, மறுபடியும் இருபத்து மூன்றுதான் வந்தது. ஒன்றாம் வகுப்பு பி பிரிவில் மொத்தம் இருபத்து நான்கு பிள்ளைகள்; கொளத்தூரில் பள்ளி வேனில் ஏற்றும்போது இருபத்து நான்கு, அருங்காட்சியக வாசலில் இறக்கும்போது இருபத்து நான்கு, நடுவில் திமிங்கல எலும்புக்கூட்டுக்கு முன்னால் ஐந்து நிமிஷம்தான் நின்றார்கள், ஐந்து நிமிஷத்தில் ஒரு பிள்ளை எங்கே போய்விடும், எங்கே வேண்டுமானாலும் போகும், வெளியே ரோடு, ரோட்டில் பஸ், நாளைக்குப் பேப்பரில் வரும், ஓவிய ஆசிரியை என்று போடுவார்களா, வெறும் ஆசிரியை என்று போடுவார்களா. அந்த நேரத்திலும் புத்தி அங்கே போனதற்காகத் தன்னையே வைதுகொண்டாள். "இன்னா மிஸ்ஸு, இப்டி வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு? லோகித்து இங்க என் கையிலயில்ல கீறான். இவனை உட்டுட்டு எண்ணினா எப்டி வரும்?" என்றாள் வரிசையின் வாலில் நின்ற பாக்கியம் ஆயா, லோகித்தின் மணிக்கட்டைத் திருடனைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு. சரி, இருபத்து நான்கு. மூச்சு வந்தது. ஆனால் தனக்குத் தெரிந்த ஒன்றை அவளால் மறைத்துக்கொள்ள முடியவில்லை. எண்ணிக்கை குறைந்தது என்றதும் அவள் கண் தேடியது ஒரே ஒரு தலையைத்தான். மற்ற இருபத்து மூன்றும் அந்த நிமிஷம் அவளுக்கு வெறும் எண்கள். வரிசையில் ஏழாவதாக, முன்னால் போகிறவளின் சட்டையை இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொண்டு, எதையும் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றதே சுபிக்ஷா, அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மிச்சப் பிள்ளைகளைப் பற்றிப் பயப்படவே ஆரம்பித்தாள். நல்ல டீச்சர்தான் போ.

ஓவியக் கூடத்துக்கு மரப்படி ஏற வேண்டும். ரயில் விட்டபடி பிள்ளைகள் ஏறின, கூ என்று ஒன்று ஆரம்பிக்க மற்றதெல்லாம் சேர்ந்துகொண்டது, உஷ், விரல் வாயில, விரல் வாயில. இந்த உஷ்ஷைப் பத்தொன்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவள் உதடே அந்த வாட்டத்துக்குக் குவிந்துவிட்டது, வீட்டில் புருஷன் சிவானந்தம் கூடச் சொல்வான், நீ சும்மா இருக்கும்போதே யாரையோ அடக்குற மாதிரி இருக்கு என்று. ஏ பிரிவையும் சி பிரிவையும் பிஸ்கட் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பாக்கெட் கொடுப்பார்களாம். "ஆர்ட் கேலரியா? ஒண்ணாங்கிளாஸுக்கா? அங்க என்ன மிஸ் இருக்கு அதுங்களுக்கு, சொல்லுங்க" என்று பிரின்சிபால் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டபோது தமயந்தி உண்மையைச் சொல்லவில்லை. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கின பள்ளி மேடம், பிள்ளைங்க பெயிண்டிங் முன்னால உட்கார்ந்து வரையற மாதிரி போட்டோ எடுத்துப் போட்டா அட்மிஷன் நேரத்துல நல்லாருக்கும் என்றாள். அதைக் கேட்டதும் கண்ணாடி கீழே இறங்கியது. பொய் சொல்ல அவளுக்கு வரவே வராது என்று அம்மா பெருமையாகச் சொல்வாள், அம்மாவுக்கு என்ன தெரியும், பள்ளிக்கூடத்துக்கு வந்து பார்த்தாளா. உண்மை ஒன்றே ஒன்றுதான். சுபிக்ஷா ஒரு மாதமாக எதுவும் வரைவதில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தால் அதைத் திருப்பி நீட்டி, "நீங்களே போட்டுருங்க மிஸ்" என்கிறது. அது திரும்ப வரையுமா, அதைப் பார்க்கத்தான் இவ்வளவு பிரயத்தனமும், வேனும், அனுமதிக் கடிதமும், இருபத்து நான்கு பெற்றோரின் கையெழுத்தும். வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வயிற்று வலி என்றால் டாக்டர் இருக்கிறார், இதற்கு யார் இருக்கிறார்கள்.

கூடத்தின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காக்கிச் சட்டைக் காவலர் உட்கார்ந்திருந்தார், மீசை வெளுத்த மனுஷர், பிள்ளைகளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "எம்மா, இவ்ளோ சின்னப் பசங்களையா இங்க இட்டாந்தீங்க? திமிங்கலம் பாத்தாங்களா? பாத்தாச்சா? அப்புறம் இன்னா, அப்டியே கீழ கூட்டினு போய் ஐஸ் வாங்கிக் குடுங்கம்மா." வரையப் போகிறார்கள் என்றாள். "வரையட்டும், வரையட்டும். பென்சில்னா பரவால்ல. கலரு கிலரு எடுக்காதீங்க. செவுத்தைத் தொட்டாங்கன்னா என் வேலை பூடும்." இல்லை, பென்சில்தான். ஆளுக்கு ஒரு பென்சில், ஒரு ரப்பர், ஒரு வெள்ளைத் தாள், பரீட்சை அட்டை, நேற்று ராத்திரி சமையல்கட்டு மேடையில் பரப்பி வைத்து அவளே ஒவ்வொரு பையிலும் போட்டாள், இருபத்து நான்கு பென்சிலையும் சீவினாள், சீவும்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. வெள்ளைத் தாள் என்பதுதான் முக்கியம். முத்திரை இல்லாத தாள். கிழிந்தால் இன்னொன்று தரலாம், பையில் ஒரு கட்டு இருக்கிறது. அன்றைக்கு அது இல்லாமல்தானே போயிற்று எல்லாம். இல்லை, அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது, அன்றைக்கு ஆயிரம் தாள் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள்.

பெயிண்ட் கம்பெனி ஒன்று நடத்திய போட்டி அது. மூலையில் கம்பெனி முத்திரை குத்திய தாள், பிள்ளைக்கு ஒன்றுதான், வீணானால் மாற்றுத் தாள் கிடையாது. இந்த மாதிரிப் போட்டிகள் எப்படி நடக்கும் என்று ஊரில் உள்ள எல்லா டிராயிங் மிஸ்ஸுக்கும் தெரியும். பிள்ளை பென்சிலால் ஏதோ போடும், மிஸ் அதைத் திருத்துவாள், திருத்துவது என்றால் முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது, பிள்ளை வண்ணம் தீட்டும், விளிம்பில் வழிந்ததை மிஸ் மறுபடி சரிசெய்வாள், கடைசியில் கீழே பேரை மட்டும் இடது கையால், குழந்தை எழுதின மாதிரி கோணலாக எழுதுவாள். நடுவர்களாக வருகிறவர்களும் டிராயிங் மிஸ்களும் மாஸ்டர்களும்தான், அவர்களுக்கும் தெரியும், யார் கை யார் கை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள், போன வருஷம் ஒருவர் டீ குடித்துக்கொண்டே, உங்க தென்னை மரம் நல்லாருந்துச்சு மேடம் என்றார். இதில் ஏமாற்றப்படுகிறவர் யாரும் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மகன் பத்தாவது படிக்கும்போது அவனுடைய சயின்ஸ் ரெக்கார்டில் தவளையின் இதயத்தை வரைந்ததும் அவள்தான், நெஃப்ரானை வரைந்ததும் அவள்தான், இப்போது ஹாஸ்டலில் இருந்துகொண்டு ஒரு வட்டம் போடத் தெரியாது அவனுக்கு, அதில் வருத்தமும் கிடையாது. சுபிக்ஷா அன்றைக்கு எருமை போட்டிருந்தது. வில்லிவாக்கத்தில் அதன் மாமா மாடு வைத்துப் பால் கறக்கிறார், சனி ஞாயிறு அங்கேதான். தாள் முழுக்க ஒரே எருமை, கொம்பு தாளுக்கு வெளியே போய்விட்டது, நான்கு காலும் ஒரே பக்கம், வயிறு ஒரு பெரிய அறை. அறைக்குள் ஒரு கன்று படுத்திருந்தது, கண்ணைத் திறந்துகொண்டு. கன்றுக்கு மேலே ஒயரில் ஒரு பல்பு தொங்கியது, எரிகிற பல்பு, சுற்றிலும் கோடு கோடாக வெளிச்சம். இது என்னடி என்று கேட்டாள். "உள்ள இருட்டா இருக்கும்ல மிஸ். அது பயப்படும்." தமயந்தி ஒரு நிமிஷம் சும்மா நின்றாள். அந்த ஒரு நிமிஷம் நிஜம். நெஞ்சுக்குள் எதுவோ ஏறி வந்தது, காலேஜில் படித்த நாளில் வருமே, அது. அப்போதுதான் வகுப்பு வாசலில் பிரின்சிபால் மேடத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. மேடம் எட்டிப் பார்த்து, ஆச்சா மிஸ், மூணு மணிக்குக் கவர் போகணும் என்றார், அவ்வளவுதான் சொன்னார், படத்தைப் பார்க்கக்கூட இல்லை. அதற்குள் ரப்பர் அவள் கையில் இருந்தது. யாரும் எடுக்கச் சொல்லவில்லையே, எப்படி வந்தது அது கைக்கு. முதலில் பல்பை அழித்தாள், அப்புறம் கன்று, அப்புறம் எருமை, பெரிய எருமை, அழிக்கக் கை வலித்தது. அதன் மேல் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை மரம், ஒரு ஆறு, ஆற்றில் இரண்டு வாத்து. நான்கு நிமிஷம். பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. தாளில் குவிந்து கிடந்த ரப்பர் தூளை, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதிவிட்டது. அது ஊதிவிட்டதுதான் தமயந்திக்குத் தூக்கத்தில் வருகிறது, எருமை வருவதில்லை.

பரிசும் வந்து தொலைத்தது. இரண்டாம் பரிசு, ஒரு கோப்பை, பள்ளி வாசலில் வைத்த பேனரில் கோப்பையும் கையுமாகச் சுபிக்ஷா. அதன் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடு ஒரு டப்பா மைசூர்பாகு எடுத்துக்கொண்டு வந்தார். "எங்க வூட்டுல யாருக்கும் கை வராது மிஸ். எல்லாம் நீங்க குடுத்ததுதான்" என்று கும்பிட்டார். வாயெல்லாம் இனித்தது, அந்த மைசூர்பாகை ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்றார்கள், அவளும் இரண்டு துண்டு தின்றாள். அவர் சொன்னது சரிதானே, எல்லாம் இவள் கொடுத்ததுதான். மறு வாரம் வகுப்பில் பென்சிலைக் கொடுத்தபோதுதான் பிள்ளை அதைத் திருப்பி நீட்டியது. கோபமாக நீட்டியிருந்தால் சமாளித்திருக்கலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பாங்கில் பக்கத்தில் நிற்கிறவரிடம் பேனாவை நீட்டுவார்களே, அந்தப் பணிவோடு நீட்டியது. ஆறு வயசு.

கூடத்துக்குள் போனதும் பிள்ளைகளின் சத்தம் தானாகக் குறைந்தது, மேலே கண்ணாடிக் கூரை, எண்ணெயும் பழைய மரமும் கலந்த ஒரு வாடை, அந்த வாடையில் அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது. இடது சுவரில் மூன்றாவது படம். அது அங்கேதான் இருக்கும் என்று தெரியும், தெரிந்துதான் வந்தாள், இருந்தாலும் நேராகப் பார்க்காமல் பிள்ளைகளின் தலைக்கு மேலாக ஓரக்கண்ணால் பார்த்தாள். சவரிமுத்துவின் காளை. ஓவியக் கல்லூரியில் ஐந்து வருஷம் அவள் பக்கத்து ஸ்டாண்டில் நின்று வரைந்தவன். சிவப்பு மண் நிறத்தில் மூன்று காளை, ஒன்றின் மேல் ஒன்று ஏறினாற்போல, கால் எத்தனை என்று சொல்ல முடியாது, குளம்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு அப்பல். அவனுக்குக் குளம்பு வரையத் தெரியாது. கல்லூரியே சிரிக்கும். தமயந்தியின் கை சுத்தமான கை, வகுப்பிலேயே சுத்தமான கை என்று பேர், ஒரு தடவை போட்டால் அடுத்த தடவை திருத்த வேண்டாம், அவனிடம் போய், தள்ளு, குளம்பை நான் போட்டுத் தருகிறேன் என்றாள். அவன் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். "வேணாம் தமா. நாறலா இருந்தாலும் என்னுதா இருக்கட்டும்" என்றான். எவ்வளவு கோபம் வந்தது அன்றைக்கு, உதவி செய்யப் போனால் இப்படியா என்று ஒரு வாரம் பேசவில்லை. கடைசிவரை குளம்பு வரையத் தெரியாமலே குடித்துச் செத்தான், படம் இங்கே தொங்குகிறது, பக்கத்தில் பித்தளைத் தகட்டில் பேர். இந்தக் கித்தானைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்துக் கொடுத்ததுகூட அவள்தான், அவனுக்கு ஆணியும் நேராக அடிக்க வராது. சுத்தமான கை. அந்தக் கையால் வரைந்ததில் மிஞ்சியது ஒரே ஒரு கித்தான், பஸ் ஸ்டாண்டில் மூட்டை மேல் உட்கார்ந்து தூங்கும் பொம்பளைகள், மூன்றடிக்கு இரண்டடி, அதைச் சிவானந்தம் கக்கூஸ் வென்டிலேட்டரில் வைத்து ஆணி அடித்திருக்கிறான், புறா வருகிறதாம். ஆயில் பெயிண்ட்தானே, மழைக்கு ஒண்ணும் ஆகாது என்றான், நல்ல எண்ணத்தோடுதான் சொன்னான், அவன் கெட்டவன் இல்லை. படத்தின் முகம் வெளிப்பக்கம். புறாக்களாவது பார்க்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படி விட்டுவிட்டதுதானே அவள் வாழ்க்கை, யாரும் பிடுங்கவில்லை, ஒவ்வொன்றாக இவளே விட்டுவிட்டாள்.

"மிஸ்! மிஸ்! இந்த மாடு தப்பு!" லோகித். ஆயாவின் பிடியிலிருந்து எப்படியோ நழுவி சவரிமுத்துவின் காளைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு விரலை நீட்டினான். "காலே சரியா இல்ல மிஸ். கோடு வெளிய வந்துருச்சு. அசிங்கமா இருக்கு." இன்னொரு பெண், ஜோவிதா, கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இவங்க மிஸ் அழிச்சுக் குடுக்கலையா?" என்று கேட்டது. லோகித் தன் பையைத் திறந்து ரப்பரை எடுத்து நீட்டினான். "இந்தாங்க மிஸ், நீங்க அழிச்சு நல்லாப் போடுங்க." காவலர் வாய்விட்டுச் சிரித்தார், ஆயாவும் சிரித்தாள், பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. தமயந்தியும் சிரிக்க வேண்டியதாயிற்று. கோடு வெளிய வந்துருச்சு, அசிங்கமா இருக்கு. வார்த்தைக்கு வார்த்தை அவளுடையது, அந்த 'அசிங்க'த்தில் விழுகிற அழுத்தம்கூட அவளுடையது. அப்படி இல்லடா, இது தப்பு இல்லை, இதைப் போட்டவர் அப்படித்தான் பார்த்தார், அப்படித்தான் போட்டார், போடலாம், என்று சொல்ல ஆரம்பித்தாள். "அப்ப நாங்களும் அப்டிப் போடலாமா மிஸ்?" போடலாம். "ஸ்டார் குடுப்பீங்களா?" குடுப்பேன். லோகித் அவளைச் சந்தேகமாகப் பார்த்தான், கடையில் ஒரு விலை சொல்லி வாசலில் வேறு விலை சொல்கிற ஆளைப் பார்க்கிற மாதிரி. சுபிக்ஷா மட்டும் காளையையே பார்த்துக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்தத் திறந்த வாயைத் தமயந்தி பார்த்தாள்.

தரையில் உட்கார வைத்தாள், நான்கு வரிசை, மடியில் பரீட்சை அட்டை, அட்டை மேல் வெள்ளைத் தாள். உங்களுக்கு எது பிடிக்குதோ அதைப் போடுங்க. இங்க பாத்ததைப் போட்டாலும் சரி, மனசுல இருக்கறதைப் போட்டாலும் சரி. மிஸ் திருத்த மாட்டேன். இன்னைக்கு மிஸ் பென்சிலே கொண்டு வரல. கடைசியாகச் சொன்னதற்குப் பிள்ளைகள் சிரித்தன, நிஜமாகவே தனக்கென்று அவள் கொண்டு வரவில்லை, கைப்பையில் சிவப்புப் பேனா ஒன்றுதான், அது ஸ்டார் போட. தலைகள் குனிந்தன. பென்சில் தாளில் உரசும் சத்தம் மட்டும், இருபத்து நான்கு பென்சில் சேர்ந்து உரசினால் தூறல் விழுகிற மாதிரி இருக்கும், அவளுக்குப் பிடித்த சத்தம் இது ஒன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில். குனிந்து பார்க்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டு சுவரோரமாக நடந்தாள். ஏழாவது தலை குனியவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அது தாளைப் பார்த்தது, காளையைப் பார்த்தது, மறுபடி தாளை. நீட்டிவிடாதேடி, தயவு செய்து நீட்டிவிடாதே. இப்போது நிமிர்ந்து என்னைத் தேடும், பென்சிலை நீட்டும், நான் என்ன செய்வேன், வாங்குவேனா, வாங்காமல் நின்றால் அழுமா. பத்தொன்பது வருஷம், வருஷத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எல்லார் வீட்டு ஷோகேஸிலும் இரண்டு மலையும் நடுவில் சூரியனும், மெட்ராஸில் எங்கேயடி மலை இருக்கிறது, ஒருத்தி கேட்டாளா, ஒருத்தன் கேட்டானா. இது ஒன்று வரைந்துவிட்டால் போதும். மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம், இந்த ஒரு பிள்ளை. ஏழாவது தலை குனிந்தது. பென்சில் நகர்ந்தது. தூரத்திலிருந்து தமயந்திக்குத் தாள் தெரியவில்லை, கை தெரிந்தது, முழங்கையிலிருந்து தோள் வரை கை முழுவதும் சுற்றியது, பெரிய வளைவு, தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மலைக்கு இப்படிக் கை போகாது. மலைக்கு மேலே ஏறி இறங்கும், மேலே ஏறி இறங்கும், அவளுக்குத் தெரியாதா. இது வயிறு. எருமையின் வயிறு.

அங்கே நிற்கக் கூடாது. நின்றால் கால் தானாக அந்தப் பக்கம் போகும், குனியும், வாய் ஏதாவது சொல்லும், நல்லாருக்குடி என்றாவது சொல்லும், அதுவும் கூடாது, ஒன்றும் சொல்லக் கூடாது. "பாத்துக்கோ பாக்கியம், இதோ வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குள் போய்விட்டாள். அங்கே ஏதோ ராஜாக்களின் படங்கள், பட்டும் நகையும், முத்து ஒவ்வொன்றிலும் வெள்ளைப் புள்ளி வைத்திருந்தான் எவனோ சுத்தமான கைக்காரன். அவற்றின் முன்னால் நின்றுகொண்டு அவள் அழுதாள். பெரிதாக ஒன்றும் இல்லை, முந்தானையால் இரண்டு தடவை துடைக்கிற அளவுதான், ஆனால் சந்தோஷமாக அழுது எவ்வளவு நாள் ஆயிற்று. இன்னும் ஐந்து நிமிஷம் கொடுக்கலாம். கன்று போட நேரம் வேண்டும். கன்றின் கண் போட நேரம் வேண்டும். ஒயரும் பல்பும் கடைசியில் வரும், அவசரப்பட்டால் பல்பு வராது. அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லை, வாங்கக் கூடாது, அதன் வீட்டுக்கே கொடுத்துவிட வேண்டும், அதன் அப்பாவைக் கூப்பிட்டு, இதுதாங்க உங்க பொண்ணு போட்டது, அந்தக் கோப்பை என்னோடது, இது உங்க பொண்ணோடது என்று சொல்ல வேண்டும். சொல்வாளா. சொல்வாள். சாயந்திரம் வீட்டுக்குப் போய் வென்டிலேட்டரில் இருக்கிற ஆணியைப் பிடுங்க வேண்டும், புறா வந்தால் வரட்டும், எச்சமிட்டால் கழுவிக்கொள்ளலாம். ராஜா ஒருத்தர் அவளை முறைத்துக்கொண்டிருந்தார். முறைக்கட்டும். ஐந்து நிமிஷம் பத்தாகிவிட்டது என்று கைக்கடிகாரம் சொன்னது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, திரும்பி வந்தாள்.

"பாருங்க மிஸ்ஸு, எல்லாப் புள்ளைங்களும் எவ்ளோ நீட்டாப் போட்டுக்கினு கீதுங்க. சொல்லி வெச்சாப்ல ஒரே மாதிரி" என்றாள் பாக்கியம் ஆயா, பெற்ற தாய் மாதிரி பூரித்துப் போய். முதல் வரிசை. இரண்டு மலை, நடுவில் சூரியன். இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை. லோகித்தின் மலை ஒன்று சரிந்திருந்தது, சரிந்ததற்காக அவனே மேலே அடித்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட்டிருந்தான். ஜோவிதா வாத்து மூன்று போட்டிருந்தது, அதுதான் துணிச்சல். இருபது எண்ணெய்ச் சாயப் படங்கள் தொங்குகிற கூடத்தின் நடுவே, சவரிமுத்துவின் காளைக்கு நேர் எதிரில், தரையெங்கும் மலைகள், ஒரே வாட்டத்தில் ஒரே சாய்வில், எல்லாம் அவள் கை, அவள் இங்கே இல்லாமலே அவள் கை. அவளுக்கு அது பெரிதாக உறைக்கவில்லை, எதிர்பார்த்ததுதான், கால் இரண்டாவது வரிசைக்குப் போய்விட்டிருந்தது, ஏழாவது தலை, சுபிக்ஷா இன்னும் குனிந்தே இருந்தது, கன்னத்தை உப்பிக்கொண்டு தாளின் மேல் எதையோ ஊதிக்கொண்டிருந்தது. ரப்பர் தூள். மடியெல்லாம், பாவாடையெல்லாம் ரப்பர் தூள். புது ரப்பர், நேற்று ராத்திரி அவளே பையில் போட்டது, ஒரு மூலை முழுக்கத் தேய்ந்து உருண்டுவிட்டது. தாளில் இரண்டு மலை. நடுவில் சூரியன். ஆறு. தென்னை மரம். பிசிறில்லாமல், விளிம்பு தாண்டாமல், வகுப்பிலேயே சுத்தமாக. "முதல்ல தப்பாப் போட்டுட்டேன் மிஸ்" என்றது பிள்ளை நிமிர்ந்து. "நீங்க வர்றதுக்குள்ள நானே அழிச்சுட்டேன்." சிரித்தது. ஒரு மாதமாக அவள் காத்திருந்த சிரிப்பு, முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அதுகூட இவளுக்குத் தெரியாது. தாளை வாங்கிக் கண்ணாடிக் கூரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பென்சில் அழுந்திய தடம் அழியாது, மலைகளுக்கு அடியில் அந்தப் பெரிய வளைவு போயிற்று, உள்ளே சின்னதாக ஒன்று படுத்திருந்தது, அதற்கு மேலே கோடு கோடாக. விரலால் தடவினால் தெரிந்தது. சொல்ல வேண்டும், இப்போதே, அது தப்பில்லை, அதுதான் சரி, அதைத்தான் போட வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கண் இப்படியே பார்த்துக்கொண்டு கேட்கும், அப்ப நீங்க ஏன் மிஸ் அழிச்சீங்க என்று கேட்கும். கேட்காமலும் இருக்கலாம். கேட்காமல் பார்த்தாலே போதும். வாயைத் திறந்தாள். "மிஸ், ஸ்டார்" என்று பிள்ளை உள்ளங்கையை நீட்டியது. தமயந்தி கைப்பையைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஐந்து முனையும் சரியாக வரும்படி, அந்தக் கையில் ஸ்டார் போட்டாள்.